துறையா, நிறுவனமா: கல்லூரி ஆசிரியப் பணியிட ஒதுக்கீட்டில் அலகு பற்றிய வரலாறு

முன்னுரை

உயர்கல்வியில் இடஒதுக்கீடு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மாணவர் சேர்க்கையை மையமாகக் கொண்டவை. வகுப்பறையில் யார் அமர்கின்றனர் என்னும் வினா விரிவாக ஆராயப்பட்ட அளவிற்கு, அவ்வகுப்பறையில் யார் கற்பிக்கின்றனர் என்னும் வினா ஆராயப்படவில்லை. ஆசிரியப் பணி நாடி விண்ணப்பிக்கும் ஒருவருக்கு அரசியலமைப்பு வழங்கும் வாய்ப்பு, நடைமுறையில் எவ்வாறு கிட்டுகிறது அல்லது கிட்டாமற் போகிறது என்பதை அறிய, விழுக்காட்டை மட்டும் நோக்கினால் போதாது. அவ்விழுக்காடு எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து என்பது இருநூறு பணியிடங்களின் மீது கணக்கிடப்படும்போது முப்பது ஆகும். மூன்று பணியிடங்களின் மீது கணக்கிடப்படும்போது ஒன்றுமில்லாததாகும். சட்டத்தில் விழுக்காடு மாறாதிருக்க, பயன் முற்றிலும் மாறிவிடுகிறது.

இவ்வாறு கணக்கிடப்படும் அடிப்படைத் தொகுதியே ‘அலகு’ எனப்படுகிறது. ஆசிரியப் பணியிட ஒதுக்கீட்டிற்குப் பல்கலைக்கழகம் அல்லது கல்லூரி முழுமையும் ஓர் அலகா, ஒவ்வொரு துறையும் தனித்தனி அலகா என்னும் சிக்கல் 1990 முதல் 2019 வரை நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் தொடர்ந்து எழுந்தது. அச்சிக்கலின் வரலாற்றையும், சிறிய துறைகளுக்கு, குறிப்பாகத் தமிழகத்திற்கு வெளியேயுள்ள தமிழ்த் துறைகளுக்கு, அது கொண்டுள்ள பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சுழற்சி முறையின் தொடக்கம்

பணி நியமனத்தில் பிரதிநிதித்துவத்தைச் சுழற்சிக் கணக்காக வரையறுத்த முன்னோடி முயற்சிகளுள் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை முதன்மையானது. 1921இல் நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில் இதற்கான முதல் ஆணை பிறந்தது. எனினும் உறுதியான பங்கீடு 1927ஆம் ஆண்டு ஆணையின் வழியாகவே உருப்பெற்றது. சுப்பராயன் அமைச்சரவையில் இடம்பெற்ற எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் அது செயல்வடிவம் பெற்றது. அதன்படி ஒவ்வொரு பன்னிரண்டு நியமனங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியர் மற்றும் கிறித்தவர்க்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கு 1 எனப் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1947இல் இப்பங்கீடு பதினான்கு இடங்களாக விரிந்து, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்க்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என அமைந்தது.

இவ்வாணையில் இரண்டு கூறுகள் கவனிக்கத்தக்கன. ஒன்று, பங்கீடு விழுக்காடாக அன்றி வரிசையாக வகுக்கப்பட்டது. மற்றொன்று, வரிசை சிறியதாக இருந்தமையால் ஒவ்வொரு பிரிவினரின் முறையும் விரைவில் வந்தது. பிற்காலத்துச் சுழற்சிப் பட்டியல்களின் சிக்கல் இவ்விரண்டாம் கூறு பற்றியதே என்பது மேலே செல்லும்போது புலப்படும்.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபின் இவ்வாணை வழக்கிற்கு உள்ளானது. 1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. மாணவர் சேர்க்கை தொடர்பான செண்பகம் துரைராசன் வழக்கு தமிழுலகம் நன்கறிந்தது. அதே நாளில் வழங்கப்பட்ட வேங்கடரமணா வழக்கின் தீர்ப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மாவட்ட முன்சீப் பணி நியமனம் பற்றிய அவ்வழக்கில், வகுப்புவாரிப் பங்கீடு சமவாய்ப்பிற்கு முரணானது என நீதிமன்றம் கருதிய போதிலும், அரிசனங்களுக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும் உரிய இடங்களை அது நீக்கவில்லை. அரசியலமைப்பின் 16(4) பிரிவு அவற்றிற்குத் துணைநின்றது. மாணவர் சேர்க்கையில் ஒதுக்கீட்டைக் காக்க அதே ஆண்டில் முதல் திருத்தமும் 15(4) பிரிவும் தேவைப்பட்டன. பணி நியமனத்திலோ, அத்தகைய பாதுகாப்பு தொடக்கத்திலேயே அரசியலமைப்பில் அமைந்திருந்தது. ஆயினும் மாணவர் சேர்க்கையில் ஒதுக்கீடு வேரூன்றிய வேகத்தில் ஆசிரியப் பணியில் அது வேரூன்றவில்லை என்பது வரலாற்றின் முரண் எனலாம்.

பல்கலைக்கழக வாயிலில் நின்ற ஒதுக்கீடு

நடுவண் அரசுப் பணிகளில் திறந்த போட்டித் தேர்வு வழி நிரப்பப்படும் இடங்களில் பட்டியல் சாதியினர்க்கு 12.5 விழுக்காடும், பட்டியல் பழங்குடியினர்க்கு 5 விழுக்காடும் 1950இல் வரையறுக்கப்பட்டன. 1970இல் இவை முறையே 15, 7.5 என உயர்ந்தன. பல்கலைக்கழகங்கள் தன்னாட்சி உடையவை என்னும் காரணம் காட்டி நெடுங்காலம் இவ்வரையறைக்கு வெளியே நின்றன. 1970களில் பல்கலைக்கழக மானியக் குழு விரிவுரையாளர் நிலையில் ஒதுக்கீட்டைப் பின்பற்றுமாறு பல்கலைக்கழகங்களை வலியுறுத்தத் தொடங்கியது. உயர்நிலைப் பதவிகளில் தயக்கம் நீடித்தது.

இத்தயக்கத்திற்கு நீதிமன்றக் கருத்தும் ஓரளவு துணைசெய்தது. மண்டல் குழுப் பரிந்துரையின்படி பிற்படுத்தப்பட்டோர்க்கு 27 விழுக்காடு வழங்கியதை ஏற்ற இந்திரா சாகனி தீர்ப்பு, 1992 நவம்பர் 16ஆம் நாள் வழங்கப்பட்டது. ஒதுக்கீட்டு வரலாற்றின் திருப்புமுனையான அத்தீர்ப்பிலேயே, ஒதுக்கீடு பொருந்தாமற் போகலாம் எனக் கருதத்தக்க பதவிகளின் எடுத்துக்காட்டுப் பட்டியலில் பேராசிரியர் பதவியும் இடம்பெற்றிருந்தது. விமான ஓட்டி, பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், மருத்துவ மீச்சிறப்புத் துறையினர் ஆகியோரோடு பேராசிரியரும் ஒருங்கு வைத்து எண்ணப்பட்டார். அறிவைப் பரப்பும் பணியும் அறிவை உருவாக்கும் பணியும் ஒருசாரார்க்கே இயல்பாய் உரியன என்னும் பழைய எண்ணத்தின் சாயலை இதில் காணமுடிகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 2007க்குப் பின்னரே நடைமுறைக்கு வந்தது. அதுவும் தொடக்கநிலைப் பதவியோடு நின்றது.

புள்ளிகளின் கணிதம்

1995இல் சபர்வால் வழக்கில் உச்சநீதிமன்றம், ஒதுக்கீடு காலியிடங்களின் அடிப்படையில் அன்றிப் பணியிடங்களின் அடிப்படையில் அமைதல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அதற்கேற்ப 1997 சூலையில் நடுவண் அரசு புதிய சுழற்சிப் பட்டியல்களை வெளியிட்டது. பெரிய பணிநிலைகளுக்கு 200 புள்ளிப் பட்டியலும், 13 பணியிடங்கள் வரையுள்ள சிறிய பணிநிலைகளுக்குத் தனிப்பட்டியலும் வகுக்கப்பட்டன.

இப்பட்டியல்களின் அடிப்படை எளிய வகுத்தலாகும். நூறை 27ஆல் வகுத்தால் 3.7 வருகிறது, எனவே நான்காம் பணியிடத்தில்தான் பிற்படுத்தப்பட்டோரின் பங்கு முழுமை பெறுகிறது. நூறை 15ஆல் வகுத்தால் 6.67, எனவே ஏழாம் பணியிடம் பட்டியல் சாதியினர்க்குரியது. நூறை 7.5ஆல் வகுத்தால் 13.33, எனவே பதினான்காம் பணியிடம் பழங்குடியினர்க்குரியது. இவ்வகையில் 200 பணியிடங்கள் நிரம்பும்போது பிற்படுத்தப்பட்டோர் 54, பட்டியல் சாதியினர் 30, பழங்குடியினர் 15 என மொத்தம் 99 இடங்கள், அதாவது 49.5 விழுக்காடு, ஒதுக்கீட்டின் கீழ் வருகின்றன. பதின்மூன்று இடங்கள் மட்டும் உள்ள தொகுதியிலோ 4, 8, 12 ஆகிய புள்ளிகள் பிற்படுத்தப்பட்டோர்க்கும் 7ஆம் புள்ளி பட்டியல் சாதியினர்க்கும் உரியனவாக, மொத்தம் நான்கே இடங்கள் கிடைக்கின்றன. இது 31 விழுக்காட்டிற்கும் குறைவாகும். பழங்குடியினர்க்குத் தொடக்க நியமனத்தில் ஓரிடமும் இல்லை.

ஆயிரக்கணக்கான எழுத்தர்கள் ஒரே நிலையில் பணியாற்றும் அரசு அலுவலகத்தில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. கலைக் கல்லூரியின் அமைப்பு அத்தகையதன்று. மொழி, வரலாறு, மெய்யியல், பொருளியல், கணிதம், இயற்பியல் எனப் பல துறைகளும், ஒவ்வொன்றிலும் சில ஆசிரியர்களும் இருப்பதே அதன் இயல்பு. பன்னிரண்டு துறைகளும் துறைக்கு மூன்று உதவிப் பேராசிரியர்களும் கொண்ட ஒரு கல்லூரியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்குள்ள பணியிடங்கள் 36. கல்லூரியை ஓர் அலகாகக் கொண்டால் 200 புள்ளிப் பட்டியலின்படி பிற்படுத்தப்பட்டோர்க்கு 9, பட்டியல் சாதியினர்க்கு 5, பழங்குடியினர்க்கு 2 என 16 இடங்கள் கிடைக்கும். துறையை அலகாகக் கொண்டால், எத்துறையிலும் நான்காம் இடம் இல்லாமையால், தொடக்க நியமனத்தில் ஒதுக்கீட்டு இடம் ஒன்றுகூட இராது. கல்லூரியும் பணியிடங்களும் விழுக்காடும் அவ்வாறே இருக்க, அலகு மட்டும் மாறியதால் பதினாறு சுழியமாகிறது.

சிறிய பணிநிலைகளுக்கான பட்டியல், ஓய்வுபெறுவோர்க்குப் பதிலாக வருவோரின் வழியே புள்ளிகளை நகர்த்திச் செல்வதால், காலப்போக்கில் ஒதுக்கீடு நிறைவேறும் எனக் கூறப்படுவதுண்டு. அக்கூற்றையும் கணக்கிட்டு நோக்குதல் தகும். இரண்டு பணியிடங்கள் கொண்ட துறையில் ஒருவர் முப்பது ஆண்டுகள் பணியாற்றுவதாகக் கொண்டால், சராசரியாகப் பதினைந்து ஆண்டிற்கு ஒருமுறை பணியிடம் காலியாகும். நான்காம் புள்ளிக்கு இரண்டு ஓய்வுகளும், ஏழாம் புள்ளிக்கு ஐந்து ஓய்வுகளும், பதினான்காம் புள்ளிக்குப் பன்னிரண்டு ஓய்வுகளும் வேண்டும். எனவே பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் 30 ஆண்டும், பட்டியல் சாதியினர் ஒருவர் 75 ஆண்டும், பழங்குடியினர் ஒருவர் 180 ஆண்டும் காத்திருத்தல் வேண்டும். ஒரே பணியிடம் உள்ள துறையில் இக்காத்திருப்பிற்கும் இடமில்லை. தனிப் பணியிடத்தை ஒதுக்கீடு செய்தல் முழு ஒதுக்கீடாகிவிடும் என உச்சநீதிமன்றம் 1988இல் சக்ரதர் பாசுவான் வழக்கிலும், 1998இல் சண்டிகர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவன வழக்கிலும் கூறியுள்ளது.

நீதிமன்றங்களில் அலகுச் சிக்கல்

துறைவாரிக் கருத்தின் தோற்றுவாயாக நாகபுரிப் பல்கலைக்கழக வழக்கைக் குறிப்பிடலாம். 1984இல் அப்பல்கலைக்கழகம் வெளியிட்ட விளம்பரம், மொத்தப் பணியிடங்களில் ஒதுக்கீட்டு இடங்கள் எத்தனை எனக் கூறியதேயன்றி, எப்பாடத்திற்குரிய பணியிடம் எப்பிரிவினர்க்குரியது எனக் கூறவில்லை. 1990இல் சுரேஷ் சந்திர வர்மா வழக்கில் உச்சநீதிமன்றம், ஒதுக்கீடு பாடவாரியாக அறிவிக்கப்படுதல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. விண்ணப்பதாரர் தமக்குரிய இடம் உள்ளதா என்பதை அறிந்து விண்ணப்பிக்க இயலவேண்டும் என்பதும், எப்பாடத்தில் எவ்விடம் என்பதைத் தேர்வுக்குழுவின் விருப்பிற்கு விட்டுவிடலாகாது என்பதும் அதன் அடிப்படைகள் ஆகும்.

இத்தீர்ப்பு விளம்பரத்தின் தெளிவை நோக்கியது. மொத்தப் பணியிடங்களின் மீது ஒதுக்கீட்டைக் கணக்கிட்டுப் பின்னர் அதனைப் பாடங்களுக்குப் பகிர்ந்து அறிவிப்பது இத்தீர்ப்போடு முரண்படாது. எனினும் பின்வந்த வழக்குகளில், அறிவிப்புப் பற்றிய இக்கருத்து கணக்கீடு பற்றிய விதியாகப் பொருள்கொள்ளப்பட்டது. 2009ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்ற கருநாடகத்தின் கோவிந்தப்பா வழக்கில், வெவ்வேறு பாடங்களுக்குரிய தனிப் பணியிடங்கள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கன அல்ல. ஆதலின் அவற்றை ஒருங்குசேர்த்து ஒதுக்கீடு செய்தல் இயலாது என்னும் வாதம் ஏற்கப்பட்டது.

இதற்கிடையே 2006இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பாட வேறுபாடின்றி ஒரே ஊதிய நிலையில் உள்ள பணியிடங்களை ஒருங்குசேர்த்து, நிறுவனத்தையே அலகாகக் கொள்ளுமாறு பணித்தன. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் நியமன விளம்பரத்தை எதிர்த்து எழுந்த விவேகானந்த் திவாரி வழக்கில், 2017 ஏப்ரல் 7ஆம் நாள் அலகாபாத் உயர்நீதிமன்றம் இந்நெறிகளின் உரிய கூறுகளை நீக்கித் துறையே அலகு எனத் தீர்ப்பளித்தது.

உயர்நீதிமன்றத்தின் காரணங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. நிறுவனத்தை அலகாகக் கொண்டால் ஒரு துறையின் பணியிடங்கள் அனைத்தும் ஒதுக்கீட்டின் கீழும், மற்றொரு துறையின் பணியிடங்கள் அனைத்தும் பொதுப்பிரிவின் கீழும் அமைந்துவிடக்கூடும் என்பது அவற்றுள் முதன்மையானது. ஒரு பாடத்தில் பட்டம் பெற்றவர் மற்றொரு பாடத்தின் பணியிடத்திற்குப் போட்டியிட இயலாது என்பதும் உண்மையே. எனினும் முன்னதைப் பணியிடப் பகிர்வில் முறைமை கொண்டு தவிர்க்க இயலும். துறையை அலகாக்கினால் விளையும் இழப்பைத் தவிர்க்க வழியே இல்லை. பின்னதைப் பொறுத்தவரை, பாடம் வேறாயினும் ஊதியம், பதவிப்பெயர், பணிவிதி ஆகியன அனைத்துத் துறை ஆசிரியர்க்கும் ஒன்றே. ஒருவர் எந்நிலையில் பணியாற்றுகிறார் என்பதும் அவர் எதனைக் கற்பிக்கிறார் என்பதும் வெவ்வேறு வினாக்கள் ஆகும்.

2019ஆம் ஆண்டுச் சட்டம்

2018 மார்ச் 5ஆம் நாள் பல்கலைக்கழக மானியக் குழு துறையை அலகாகக் கொள்ளுமாறு ஆணையிட்டது. அதன்பின் வெளிவந்த விளம்பரங்களில் ஒதுக்கீட்டு இடங்கள் பெரிதும் சுருங்கின என்னும் புகார் நாடாளுமன்றத்தில் எழுந்தது. நடுவண் அரசு மேல்முறையீடு செய்ததோடு, 2018 சூலையில் புதிய நியமனங்களை நிறுத்திவைத்தது. 2019 சனவரி 22ஆம் நாள் உச்சநீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பிப்ரவரி இறுதியில் சீராய்வு மனுவும் தள்ளுபடியானது. ஆசிரியர் அமைப்புகளும் மாணவர் அமைப்புகளும் போராட்டத்தில் இறங்கின. மார்ச் 5ஆம் நாள் நாடு தழுவிய முழுஅடைப்பிற்கு அழைப்பு விடுக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, மார்ச் 7ஆம் நாள், அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய மத்தியக் கல்வி நிறுவனங்கள் ஆசிரியப் பணிநிலை ஒதுக்கீட்டுச் சட்டம் 2019 சூலை 9ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது.

நேரடி நியமனத்தில் நிறுவனம் முழுமையும் ஓர் அலகாகக் கொள்ளப்படும் என்பது இச்சட்டத்தின் உயிர்நிலை. இது பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோரோடு பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினரையும் உள்ளடக்கியது. நேரடி நியமனத்திற்குரிய ஆசிரியப் பதவிகள் அனைத்தும் இதன் எல்லைக்குள் வந்தமையால், பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு தொடக்கநிலைப் பதவியைக் கடந்து பேராசிரியர் பதவி வரை சென்றது. 1992இன் எடுத்துக்காட்டுப் பட்டியல் எழுப்பிய ஐயம் இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் மத்தியக் கல்வி நிறுவனங்களில் நீங்கியது. அட்டவணையில் குறிக்கப்பெற்ற சில உயராய்வு நிறுவனங்களுக்கும் சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது.

மாற்றுத்திறனாளிகள் வரலாற்றிலும் இத்தகைய அலகுச் சிக்கல் எழுந்தமை ஒப்பிடத்தக்கது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய 3 விழுக்காட்டை, அவர்களுக்கு ஏற்றவை எனக் கண்டறியப்பட்ட பணியிடங்களின் மீது மட்டும் கணக்கிடும் வழக்கம் இருந்தது. 2013இல் உச்சநீதிமன்றம், பணிநிலையின் மொத்தப் பணியிடங்களின் மீதே அது கணக்கிடப்படுதல் வேண்டும் எனத் தெளிவுபடுத்தியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விழுக்காட்டை 4 ஆக உயர்த்தியது. இருவேறு வரலாறுகளிலும் உரிமையைச் சுருக்கியது சட்டத்தின் சொல் அன்று, கணக்கின் அடித்தளமே என்பது தெளிவாகிறது.

தமிழ்த் துறைகளுக்குரிய பொருள்

தமிழகத்திற்கு வெளியேயுள்ள தமிழ்த் துறைகளை நோக்க இவ்வரலாறு தனிப்பொருள் பெறுகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் தமிழ் பெரும்பாலும் இந்திய மொழிகள் துறையின் ஒரு பிரிவாகவோ, ஒருசில பணியிடங்கள் கொண்ட சிறு துறையாகவோ இயங்குகிறது. இத்தகைய துறை தனி அலகானால் அங்குத் தமிழ் கற்பிக்க விரும்பும் பட்டியல் சாதி ஆய்வாளர் ஒருவரின் முறை அவருடைய வாழ்நாளில் வாராது. பழங்குடி ஆய்வாளர்க்கு அவருடைய பேரன் காலத்திலும் வாராது.

இதன் விளைவு பணிவாய்ப்போடு நின்றுவிடுவதன்று. 1990களுக்குப் பின் தலித் இலக்கியமும், நாட்டார் வழக்காற்றியலும், பெண்ணிய ஆய்வும் தமிழாய்வின் எல்லைகளை விரிவாக்கின. எவ்வகை நூல்கள் பாடத்திட்டத்தில் இடம்பெறுகின்றன, எவ்வகைத் தலைப்புகள் முனைவர் பட்ட ஆய்விற்கு ஏற்கப்படுகின்றன என்பவற்றைத் துறையில் அமர்ந்திருப்போரே முடிவு செய்கின்றனர். இருவர் மட்டும் உள்ள துறையில் ஒருவர் மாறுவதென்பது பாதித் துறையே மாறுவதாகும். ஆகவே ஒதுக்கீட்டின் பயன் சிறிய துறையில்தான் மிகுதி. துறைவாரி அலகு அதனை மறுப்பதும் அங்குத்தான்.

முடிவுரை

1927ஆம் ஆண்டு ஆணை பன்னிரண்டு நியமனங்களுக்குள் அனைவர்க்கும் முறை வருமாறு வகுத்தது. 1997க்குப் பிந்தைய பட்டியல்களோ, துறையை அலகாகக் கொண்டபோது, சிலரின் முறையை நூற்றாண்டிற்கு அப்பால் தள்ளின. 2019ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய நிறுவனங்களில் இக்குறையைக் களைந்துள்ளது. அலகு தெளிவானபின் எஞ்சிநிற்கும் சிக்கல் நிரப்புதல் பற்றியது. ஒதுக்கீட்டு இடத்திற்கு நேர்காணல் நடத்தித் ‘தகுதியானவர் எவருமிலர்’ என எழுதிவிடும் வழக்கம் நாடாளுமன்றத்தில் பன்முறை பேசப்பட்டுள்ளது. நிரப்பப்படாத ஒதுக்கீட்டு இடங்களைப் பொதுப்பிரிவிற்கு மாற்ற இடமளிக்கும் வகையில் 2023 திசம்பரில் வெளியான மானியக் குழுவின் வரைவு நெறிகள் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. அவ்வாறு மாற்றப்படமாட்டாது எனக் கல்வி அமைச்சகம் 2024 சனவரியில் விளக்கமளிக்க நேர்ந்தது.

ஒரு கல்வி நிறுவனம் அனைவரையும் உள்ளடக்கியதா என்பதை அதன் கொள்கை அறிக்கை காட்டாது. பணியிட விளம்பரத்தில் ஒவ்வொரு துறைக்கும் நேராக எழுதப்படும் எண்களும், ஓராண்டு கழித்து அவ்வெண்களுக்கு நேராக எழுதப்படும் பெயர்களுமே காட்டும். தமிழ்த் துறைகள் தத்தம் பணியிட வரலாற்றை, யார் எவ்வாண்டில் எப்பிரிவில் நியமனம் பெற்றனர், எவ்விடம் எத்தனை ஆண்டு நிரப்பப்படாதிருந்தது என்னும் விவரங்களோடு தொகுத்தல் வேண்டும். தமிழாய்வின் வரலாற்றை எழுதுவதற்கு அத்தொகுப்பும் ஓர் அடிப்படைச் சான்றாகும்.